கூடம் கோணல்தான்: பரணில் கிடந்த டிவி கேமைப் பழுது பார்த்த பதிவு

மூடியைக் கழற்றியதும் முதலில் விழுந்தவை கரப்பான் முட்டைக் கூடுகள், இரண்டு. அடுத்து ஒரு காய்ந்த பல்லி வால். அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்த பச்சைப் பலகை கண்ணுக்குத் தெரிந்தது. திண்டுக்கல்லில் அம்மா வீட்டுப் பரணில், ஓட்டை விழுந்த பித்தளை அண்டாவுக்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த டிவி கேம் இது. நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த எண்ணற்ற நகல்களில் ஒன்று. பெட்டியின் மேல் ஏதோ பெயர் அச்சிட்டிருந்தது. அதை யாரும் உச்சரித்ததாக நினைவில்லை. எங்களுக்கு அது டிவி கேம், செருகுவது கேசட், கையில் பிடிப்பது ரிமோட். அசல் நிண்டெண்டோ பெட்டியை எங்கள் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை.

கோடை விடுமுறைக்கு அக்காவின் பிள்ளைகள் வருவதாக இருந்தது. பையனுக்கு 13 வயது, சின்னவளுக்கு 9. பையன் கைபேசியில் நூறு பேர் ஒரு தீவில் குதித்துச் சுட்டுக்கொள்ளும் விளையாட்டை ஆடுகிறவன். நாங்கள் மணிக்கு 10 ரூபாய் கொடுத்து, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து ஆடியவை இவர்களுக்கு என்னவாகப் படும் என்று பார்க்க ஆசை. அதற்குக் கருவி ஓட வேண்டும்.

முதல் சிக்கல் அடாப்டர். அது தொலைந்துபோயிருந்தது. பெட்டியின் அடியில் 9 வோல்ட் என்று எழுதியிருந்தது, ஆனால் ஓட்டையின் நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்பதற்கான படம் தேய்ந்துபோயிருந்தது. கடையில் கிடைக்கும் 9 வோல்ட் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுமுனை பாசிட்டிவ். அசல் ஃபாமிகாமில் அது நெகட்டிவ். நகல்களில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். அவசரப்பட்டுச் செருகி, புகை வந்த பிறகு வருத்தப்பட்ட அனுபவம் எனக்கு ஒரு ரேடியோவில் உண்டு. எனவே மல்டிமீட்டரை எடுத்தேன். பலகையில், வரும் மின்சாரத்தை 5 வோல்ட்டுக்கு இறக்கும் 7805 என்ற மூன்று கால் வோல்டேஜ் ரெகுலேட்டர் இருந்தது. அதன் நடுக்கால் எப்போதும் கிரவுண்ட், அதாவது நெகட்டிவ் பக்கம். முதுகில் உள்ள உலோகத் தகடும் அதேதான். மீட்டரின் ஒரு முனையை அந்தத் தகட்டிலும் மறுமுனையை ஓட்டையின் நடு ஊசியிலும் வைத்தேன், மீட்டர் கீச்சிட்டது. நடு நெகட்டிவ். வாங்கி வைத்திருந்த அடாப்டரின் கம்பியை வெட்டி, இரண்டு இழைகளையும் மாற்றிப் பற்றவைத்துச் செருகினேன். ரெகுலேட்டரின் மூன்றாவது காலில் 5.02 வோல்ட்.

படம் வந்தது, ஆனால் கறுப்புப் பட்டை ஒன்று கீழிருந்து மேலே ஊர்ந்துகொண்டே இருந்தது. மின்சாரத்தை வடிகட்டும் 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சரின் தலை, ஆறின பூரிபோல் உப்பியிருந்தது. அதை மாற்றியதும் பட்டை போய்விட்டது. இந்தக் கருவியில் மனிதன் பழுது பார்க்கக்கூடியவை இவ்வளவுதான். மூளை முழுவதும் நடுவில் கறுப்புத் தார் சொட்டியதுபோன்ற ஒரு பொட்டுக்குள் இருக்கிறது. அசல் கருவியில் தனித்தனிச் சில்லுகளாக இருந்த செயலி, படம் வரையும் சில்லு எல்லாவற்றையும் ஒன்றாக்கி, மலிவாக ஒட்டி, மேலே எபாக்சி ஊற்றியிருக்கிறார்கள். அந்தப் பொட்டு செத்திருந்தால் பெட்டியை மறுபடியும் அண்டாவுக்குள் போட்டுவிட வேண்டியதுதான். சாகவில்லை.

கேசட்டுகள் மூன்று. எல்லாவற்றிலும் 60 முனைகள், எல்லாம் பச்சை பூத்திருந்தன. பள்ளி ரப்பரால் மெல்லத் தேய்த்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். நாங்கள் அந்தக் காலத்தில் செய்தது ஊதல். வாய் நிறையக் காற்றை இழுத்து, நாதஸ்வர வித்வான் மாதிரி கன்னம் புடைக்க ஊதினால்தான் கேசட் ஓடும் என்று நம்பினோம். கேசட்டைக் கழற்றி மறுபடியும் மாட்டும்போது முனைகள் புதிதாக உரசிக்கொள்வதால்தான் அது ஓடியது. ஊதியதன் பலன், எச்சில் ஈரத்தில் பூத்த இந்தப் பச்சைதான்.

ரிமோட்டுகளில் ஒன்று ஊமை. கேசட்டுக்குள் இருப்பதைவிட இது எளிய பொருள். ரிமோட்டுக்குள் போகும் இழைகள் ஐந்தே: 5 வோல்ட், கிரவுண்ட், பிறகு மூன்று சமிக்ஞைக் கம்பிகள். பெட்டி ஒரு கம்பியில் 'இப்போது பார்' என்கிறது, இன்னொன்றில் தாளம் போடுகிறது, மூன்றாவதில் எட்டுப் பொத்தான்களின் நிலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. கம்பி ரிமோட்டுக்குள் நுழையும் கழுத்தில்தான் எப்போதும் அறும், ஏனென்றால் ஆட்டம் தோற்றதும் பிள்ளைகள் ரிமோட்டைக் கம்பியில் தொங்கவிட்டுச் சுழற்றுவார்கள். கழுத்திலிருந்து நான்கு சென்டிமீட்டர் வெட்டித் தள்ளிவிட்டு, ஐந்து இழைகளையும் மறுபடி பற்றவைத்தேன். பொத்தான்களுக்கு அடியில் உள்ள ரப்பர் மெத்தையின் கரிப்பொட்டு தேய்ந்த இடங்களில், 6பி பென்சிலால் கறுப்பு தீட்டினேன். இது நிரந்தர வைத்தியம் ஆகாது, ஒரு விடுமுறைக்குத் தாங்கும்.

இதுவரை எல்லாம் நினைத்தபடி நடந்தது. பிள்ளைகள் வந்தார்கள்.

கூடத்தில் உள்ள 43 அங்குல எல்இடி டிவியில் மஞ்சள் ஏவி ஓட்டை கிடையாது. ஏவியை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் தீப்பெட்டி அளவுப் பெட்டியொன்றை வாங்கி நடுவில் வைத்தேன். சூப்பர் மரியோ பிரதர்ஸ் போட்டேன். 1985 செப்டம்பரில் வந்த ஆட்டம். மொத்தமும் 40 கிலோபைட், வாட்ஸப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்தைவிடச் சிறியது. பையன் ரிமோட்டை வாங்கினான். முதல் காளானில் இடித்துச் செத்தான். இரண்டாவது முறையும் அதே காளான். மூன்றாவது முறை அதைத் தாண்டி, குழாயைத் தாண்டி, பள்ளத்தில் விழுந்தான். பத்து நிமிடத்தில் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"மாமா, இந்த மரியோ நான் சொல்வதைக் கேட்கமாட்டேன் என்கிறான்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதை நான் சத்தமாகவே சொன்னேன். பையன் கோபித்துக்கொண்டு கைபேசியோடு திண்ணைக்குப் போய்விட்டான். நான் மனதுக்குள் ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன்: இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை, படம் பளபளவென்று இருந்தால்தான் பிடிக்கிறது, இத்யாதி. பிறகு நானே ரிமோட்டை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முடிப்பேன் என்று நினைத்திருந்த முதல் ஸ்டேஜில், முதல் பள்ளத்தில் விழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். கை பழக்கம் விட்டுப்போயிற்று என்று தேற்றிக்கொள்ளலாம். ஆனால் நான்காவது முறை விழுந்தபோது, விரல் அழுத்திய இடத்தில் மரியோ தாவவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. பள்ளத்தின் விளிம்பில் அழுத்தினேன். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருக்கும்போதுதான் அது டிவிக்குப் போய்ச் சேர்ந்தது.

பழுது பார்க்கிறவனுக்கு இது வேறு வகை நமைச்சல். அளக்காமல் தூக்கம் வராது.

என் கைபேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி உண்டு. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 4 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேல். ரிமோட்டையும் திரையையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்து, கட்டைவிரல் பொத்தானை முழுதாக அழுத்தும் கணத்திலிருந்து மரியோவின் கால் தரையை விடும் கணம் வரை எத்தனை படங்கள் என்று எண்ணினேன். பத்து முறை எடுத்துச் சராசரி பார்த்தேன்: 36 படங்கள், அதாவது 150 மில்லி விநாடி. டிவியில் மெருகேற்றும் வேலைகளைக் குறைக்கும் கேம் மோடை இயக்கிய பிறகு 21 படங்கள், 87 மில்லி விநாடி.

150 மில்லி விநாடியெல்லாம் ஒரு தாமதமா என்று கேட்கலாம். மரியோ முழு வேகத்தில் ஓடும்போது ஒரு பிரேமுக்கு, அதாவது பெட்டி டிவிக்கு அனுப்பும் ஒரு படத்துக்கு, இரண்டரைப் புள்ளி நகர்கிறார். என் பெட்டி விநாடிக்கு 50 பிரேம் போடுகிறது. கணக்குப் போட்டால், நான் அழுத்தி அவர் தாவுவதற்குள் 19 புள்ளி ஓடிவிடுகிறார். ஆட்டத்தில் ஒரு செங்கல்லின் அகலமே 16 புள்ளிதான். ஒரு செங்கல்லுக்கும் மேல் முன்னதாகவே அழுத்தினால்தான் பிழைக்கலாம். பையன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. கூடம் கோணல்தான்.

தாமதத்தில் பாதிக் குற்றம் அந்தத் தீப்பெட்டியுடையது, பாதி டிவியுடையது. பழைய பெட்டி டிவி, வந்த சமிக்ஞையை வந்த கணத்திலேயே கண்ணாடியில் கோடு கோடாக எழுதிவிடும்; சேமித்துவைக்க அதற்கு இடமே கிடையாது. புதிய டிவி ஒரு முழுப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பெரிதாக்கி, மெருகேற்றி, பிறகு காட்டுகிறது. போதாக்குறைக்கு, ஃபாமிகாம் தரும் 240 கோட்டுப் படத்தை ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் பாதிப்படம் என்று தப்பாக எடுத்துக்கொண்டு, இரண்டு படங்களைப் பின்ன முயல்கிறது. காண்ட்ரா என்ற சுடும் ஆட்டத்தில் உயிர் போய் மீண்டு வரும் வீரன் சற்று நேரம் மினுக்குவான் அல்லவா, அவன் இந்த டிவியில் சீப்பால் வாரி எடுத்ததுபோல் கோடு கோடாகக் கிழிந்து தெரிந்தான். சின்னவள் அதைத்தான் இந்த விளையாட்டின் அசல் தோற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி டிவி வேண்டும். எங்கே போவது? எதிர் வீட்டு அத்தையிடம் கேட்டேன். மாடிப்படிக்கு அடியிலிருந்து, கோணி போர்த்திய 14 அங்குல வண்ண டிவி வந்தது. 2006 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு தமிழக அரசு வீடு வீடாக வழங்கிய இலவசத் தொலைக்காட்சி. முன்பக்கத்திலேயே ஏவி ஓட்டை. கேபிள்காரர் செட்டாப் பாக்ஸ் கொடுக்கும்வரை அதில்தான் அத்தை நாடகம் பார்த்தாராம். அதை நான் திறக்கவில்லை. படக்குழாயில் நிறுத்திய பின்னும் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கலாம், எனக்குப் பிள்ளை குட்டி உண்டு. தூசி தட்டி, மஞ்சள் வயரைச் செருகி, ஸ்விட்சைப் போட்டேன். 'ணங்' என்று ஓர் ஓசை, முன்கை மயிர் சிலிர்ப்பு, பிறகு படம்.

அளந்தேன்: 8 படங்கள், 33 மில்லி விநாடி.

பையனைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டைக் கொடுத்தேன். முதல் ஸ்டேஜை மூன்றாவது உயிரில் முடித்தான். கொடிக்கம்பத்தின் உச்சியைப் பிடிக்க மறுபடியும் ஆடினான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

அவன் இன்னொரு குறையும் சொல்லியிருந்தான்: "பாட்டு இழுக்கிறது, மாமா." கோஜி கோண்டோ இசையமைத்த அந்த மெட்டை அவன் கைபேசியில் நூறு முறை கேட்டிருக்கிறான். எனக்கு இழுப்பதாகத் தோன்றவில்லை. நான் கேட்டு வளர்ந்த பாட்டு இதுதான். இதையும் அளந்தேன். மரியோவில் மேலே ஓடும் 400 எண்ணிக்கையில் ஒவ்வோர் எண்ணும் 24 பிரேமுக்கு ஒரு முறை குறையும். விநாடிக்கு 60 பிரேம் போடும் ஜப்பானியக் கருவியில் நூறு எண் குறைய 40 விநாடி ஆக வேண்டும். மரியோவை அசையாமல் நிறுத்திவிட்டு, 400இலிருந்து 300 வரை ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். 48 விநாடி. நம் நாட்டு டிவி முறை 50 ஹெர்ட்ஸ் என்பதால் நகல் பெட்டியையும் 50க்குச் செய்தார்கள். உள்ளே போட்ட ஆட்டம் 60க்கு எழுதியது. ஆகவே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் மரியோ எங்கள் தெருவில் ஓடியிருக்கிறார். பகைவர்களும் அதே வேகம், பாட்டும் அதே வேகம். நாங்கள் பெருமையடித்துக்கொண்ட திறமையில் ஆறில் ஒரு பங்கு மின்வாரியத்தின் தயவு என்றுகூடச் சொல்லலாம். மடிக்கணினியில் எமுலேட்டர் (பழைய கருவியைப்போல் நடிக்கும் மென்பொருள்) போட்டு 60இல் ஓட்டிப் பார்த்தேன். பையன் சாதாரணமாக ஆடினான். என்னால் முதல் ஆமையைக்கூடத் தாண்ட முடியவில்லை.

இனி ஆட்டங்களைப் பற்றி. கேசட் ஒன்றில் '9999999 இன் 1' என்று அச்சிட்டிருக்கிறது. பட்டியலைப் பொறுமையாக இறக்கிப் பார்த்தால் முப்பதுக்கும் குறைவான ஆட்டங்கள். மிச்சமெல்லாம் அதே ஆட்டம் வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்குவதும், பெயரை மாற்றி எழுதியதும். சின்னவள்தான் இந்த மோசடியை முதல் நாளே கண்டுபிடித்தாள். எங்களுக்கு அது பிடிபட ஒரு கோடை ஆயிற்று.

ஐஸ் கிளைம்பர் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. 1985இல் மரியோவுக்குச் சில மாதம் முன்பு அதே நிண்டெண்டோ வெளியிட்டது. அதில் வரும் சிறுவன் தாவினால் நேராக மேலே போகிறான். பக்கவாட்டில் நகர்வது ஏதோ சலுகைபோல் கொஞ்சமாகக் கிடைக்கிறது. மரியோவிலோ பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு உயரம், காற்றில் இருக்கும்போதே திரும்பலாம், மனம் மாறினால் பின்வாங்கலாம். இன்றைய எந்தத் தாவும் விளையாட்டும் இதைத்தான் செய்கிறது என்பதால், மரியோ பிள்ளைகளின் கைக்குப் பழகியதாக இருக்கிறது, ஐஸ் கிளைம்பர் வேற்று மொழியாக இருக்கிறது. எனக்கும் இது பிடித்ததாகத்தான் நினைவு. ஆடிப் பார்த்தபோது, பிடித்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனைக் கீழே தள்ளிவிட்டது மட்டும்தான் என்று புரிந்தது. அட்வென்ச்சர் ஐலண்டும் அப்படியே. பழம் பொறுக்கிக்கொண்டே ஓடியதில் மூன்றாவது ஸ்டேஜில் நான்தான் கொட்டாவி விட்டேன். ரோடு ஃபைட்டரில் 400 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் பையன் 'அவ்வளவுதானா' என்றான். அவ்வளவுதான்.

வாத்து சுடும் டக் ஹன்ட் ஆட்டத்துக்காக அதன் துப்பாக்கியையும் துடைத்து வைத்திருந்தேன். இது எல்இடி டிவியில் சுத்தமாக வேலைக்கு ஆகாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்து வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணர்வி அந்த வெள்ளையைப் பார்த்ததா என்பதுதான் கேள்வி. துப்பாக்கி திரையில் எதையும் சுடுவதில்லை, திரைதான் துப்பாக்கியைச் சுடுகிறது. டிவி தாமதமாக வெள்ளையைக் காட்டினால், அதற்குள் கேள்வி நேரம் முடிந்துவிடுகிறது. அத்தையின் டிவியில் முதல் குண்டிலேயே வாத்து விழுந்தது. சின்னவள் கத்திய கத்தலில் அத்தையே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெட்டி டிவிகள் ஒவ்வொன்றாகக் காயலாங்கடைக்குப் போகப் போக, இந்த ஆட்டம் மட்டும் அவற்றோடு சேர்ந்தே போய்விடும். ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லாமலே.

காண்ட்ராவைப் பற்றி எனக்குப் பயம் இருந்தது. ஒரு குண்டு பட்டால் சாவு, மூன்று உயிர், எட்டு ஸ்டேஜ். இன்றைய ஆட்டங்களில் செத்தால் பத்தடி பின்னால் எழுந்து நிற்கலாம். முதல் நாள் பையன் அதைத்தான் கேட்டான்: "சேவ் எங்கே?" சேவ் கிடையாது என்றதும் என்னை நம்பாமல் மெனுவைத் தேடினான். மின்சாரம் போனால் எல்லாம் போச்சு என்பதை அவனால் ஏற்கவே முடியவில்லை. அதில் அவன் சொல்வதே நியாயம். காசு விழும் ஆர்கேட் பெட்டிகளின் வழக்கம் அது. போதாததற்கு, இவ்வளவு சின்ன ஆட்டத்தை மாதக் கணக்கில் ஆடவைக்க, கடினமாக்குவதைத் தவிர வழியும் இல்லை. நிண்டெண்டோவே இப்போது ஸ்விட்ச் கருவியில் இந்தப் பழைய ஆட்டங்களைக் கொடுக்கும்போது, நினைத்த இடத்தில் சேமிக்கவும் பின்னோக்கிச் சுற்றவும் வசதி வைத்திருக்கிறது. மரியோவில் உயிரெல்லாம் தீர்ந்த பிறகு, முகப்புத் திரையில் ஏ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டைத் தட்டினால் செத்த உலகத்தின் தொடக்கத்திலிருந்தே ஆடலாம். இது 1985 முதல் அதற்குள்ளேயே இருக்கிறது. எனக்கு இந்த மாதம்தான் தெரிந்தது. எத்தனை பத்து ரூபாய்கள்!

ஆனால் காண்ட்ராவில் 30 உயிர் தரும் அந்தப் பொத்தான் வரிசையை, மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ, சொல்லிக்கொடுத்த பிறகு நடந்தது வேறு. இருவரும் சேர்ந்து ஆடினார்கள். மூன்றாவது ஸ்டேஜ் அருவி; மேலே ஏற ஏறத் திரையும் ஏறும், வேகமாக ஏறுகிறவன் கீழே இருப்பவனைத் திரைக்கு வெளியே தள்ளிக் கொன்றுவிடுவான். பையன் ஏறினான். தங்கை செத்தாள். "அண்ணா, நில்லு!" மறுபடியும் ஏறினான், மறுபடியும் செத்தாள். அவள் உயிர்கள் தீர்ந்ததும் அண்ணனின் கையிருப்பிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ள ஆட்டமே அனுமதித்தது, எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். பையன் தன் உயிர்கள் கரைவதைக் கவனிக்க நேரமாயிற்று. அதற்குப் பிறகு நடந்த சண்டை, சொல்லுக்குச் சொல், நானும் அக்காவும் இதே கூடத்தில் போட்ட சண்டை. சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு தாய் என்ற கடமை நினைவுக்கு வந்து, இருவரையும் திட்டினாள்.

டெட்ரிஸ் பற்றி ஒரு வரி. ரிமோட்டின் ரப்பர் மெத்தைக்கு மறுபடியும் பென்சில் தீட்டிக்கொண்டிருந்தபோது பையனிடம் சொன்னது. நிண்டெண்டோ 1989இல் வெளியிட்ட டெட்ரிஸில் 29ஆம் கட்டத்திலிருந்து துண்டுகள் மனிதக் கைக்கு எட்டாத வேகத்தில் விழும், அதுதான் முடிவு என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பிறகு ஆட்டக்காரர்கள் கட்டைவிரலைப் பொத்தான் மேல் லேசாக வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் ரிமோட்டின் முதுகில் மிருதங்கம் வாசிப்பதுபோல் தட்டும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு 13 வயதுப் பையன் இப்படித் தட்டித் தட்டி 157ஆம் கட்டத்தில் ஆட்டத்தையே உறையவைத்துவிட்டான். வேகம் பிடித்தவர்களுக்கு 34 ஆண்டுப் பழைய ஆட்டத்திலும் இன்னும் இடம் இருந்திருக்கிறது. கேட்டதும் என் மருமகன் என் ரிமோட்டின் முதுகில் தட்டிப் பார்த்தான். பற்றவைத்த கழுத்து மறுபடியும் அறுந்தது. அதற்கு அரை மணி நேரம்.

நான் எதிர்பார்க்காதது பேட்டில் சிட்டி. நாம்கோ 1985இல் வெளியிட்டது. எங்களுக்கு டேங்க் கேம். கீழே நடுவில் ஒரு கழுகு, அதைச் சுற்றிச் செங்கல் சுவர், ஸ்டேஜுக்கு 20 எதிரி டாங்கிகள், 35 ஸ்டேஜ். இதில் முகப்பிலேயே 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒரு வரி உண்டு. நாமே களத்தைக் கட்டலாம். நாங்கள் அதை எப்போதாவது திறந்து, நம் பெயரைச் செங்கல்லால் எழுதிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவோம். மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்துக் கொத்தனார் வேலை பார்ப்பவன் உண்டா?

சின்னவள் நேராக அங்கேதான் போனாள். அவளுக்கு விளையாட்டு என்றாலே முதலில் கட்டுவது. கைபேசியில் கட்டைகளை அடுக்கி வீடு கட்டிப் பழகியவள். சின்ன டாங்கியை நகர்த்தி ஏ பொத்தானை அழுத்த அழுத்த, செங்கல், இரும்பு, தண்ணீர், புதர், பனி என்று மாறுவதைப் பார்த்ததும் முன்னால் நகர்ந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முதலில் கழுகைச் சுற்றித் தண்ணீர் விட்டாள். டாங்கி தண்ணீரில் இறங்காது என்பது அவள் கணக்கு. ஸ்டார்ட் தட்டிய அரை நிமிடத்துக்குள், குளத்துக்கு அக்கரையில் நின்ற டாங்கி சுட்ட குண்டு தண்ணீருக்கு மேலாகவே பறந்து வந்து கழுகைத் தாக்கியது. "குண்டு மட்டும் போகுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கட்டத் திரும்பினாள். இரண்டாவது முறை கழுகைச் சுற்றி முழுக்க இரும்பு. சாதாரணக் குண்டு இரும்பைத் துளைக்காது. டாங்கிகள் வந்தன, சுட்டன, ஒன்றும் நடக்கவில்லை. பாதியிலேயே ரிமோட்டை வைத்துவிட்டாள்.

"இது போர் அடிக்கிறது, மாமா. யாராலும் உள்ளே வர முடியவில்லை."

மறுபடியும் கன்ஸ்ட்ரக்‌ஷனுக்குப் போய், இடப்பக்கத்தில் ஒரே ஓர் இரும்பை எடுத்துவிட்டு அங்கே செங்கல் வைத்தாள். அந்த ஒரு செங்கல்லைக் காக்கத்தான் அன்று சாயங்காலம் முழுதும் ஆட்டம். அண்ணனையும் கூப்பிட்டுக்கொண்டாள். அவன் தப்பாகச் சுட்டு இவள் டாங்கியை உறையவைத்ததற்கெல்லாம் தனிச் சண்டை.

சேவ் இல்லை என்பது இவளையும் உறுத்தியது, ஆனால் அண்ணனைப்போல் கோபித்துக்கொள்ளவில்லை. கணக்கு நோட்டைக் கொண்டுவந்து திரையைப் பார்த்துக் கட்டங்களை எண்ணினாள்: குறுக்கே 13, நெடுக்கே 13. நோட்டில் அதே அளவுக்குக் கட்டம் போட்டு, செங்கல்லுக்குச் சிவப்பு, இரும்புக்குப் பென்சில், தண்ணீருக்கு நீலம் என்று தீட்டிவைத்தாள். மறுநாள் காலை பல் துலக்கும் முன்பே நோட்டைப் பார்த்து அச்சு அசலாகத் திரும்பக் கட்டினாள். மூன்றாம் நாள் நோட்டில் ஏழு களங்கள் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஓரத்தில் அண்ணன் எத்தனை நேரம் தாக்குப்பிடித்தான் என்ற குறிப்பு. ஏழாவது களத்தில் என் பெயரும் இருக்கிறது. நேரம் 40 விநாடி.

அதனால் வந்த கடைசிப் பழுது இது. எட்டாவது களத்தைப் பாதி கட்டியிருக்கும்போது சாப்பிடக் கூப்பிட்டார்கள். பெட்டியை நிறுத்தக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். சாப்பிட்டு, அக்காவோடு கடைவீதிக்குப் போய், ஐஸ்கிரீமும் தின்றுவிட்டு வர மூன்று மணி நேரம் ஆயிற்று. வந்து தொட்டுப் பார்த்தால் பெட்டியின் பின்பக்கம் தோசைக்கல்லாகக் கொதித்தது. 9 வோல்ட்டை 5 ஆக்குவதில் மிச்சத்தையெல்லாம் 7805 சூடாகத்தான் கழிக்கிறது. அதன் முதுகுத் தகட்டில் பழைய தொழிற்சாலைக்காரர்கள் எதையும் மாட்டவில்லை. அவள் கட்டி முடிக்கும்வரை மேசை விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பிவைத்தேன். இரவில், பழைய கணினி ஒன்றிலிருந்து கழற்றிய அலுமினியத் துண்டை மூன்று சென்டிமீட்டருக்கு அறுத்து, வெப்பப் பசை தடவி, ஒரு திருகாணியால் 7805இன் முதுகில் மாட்டினேன். மூடி சற்றுத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. விரலை வைத்துப் பத்து வரை எண்ண முடிகிறது.